காளான் படுக்கை பச்சையானதற்கு அப்பா வாங்கிய டிரைக்கோடெர்மா பாக்கெட்தான் காரணமா?

குடில்காரன் (கோபி) · ஏப்ரல் 26, இரவு 9.12

வணக்கங்க. சிப்பிக் காளான் போட ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றுக் குடில், ஒரு தடவைக்கு 120 படுக்கை (வைக்கோல் அடைத்த பை). நூற்றுக்கு நாலைந்து கெட்டுப்போவது வழக்கம்தான், அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இந்தத் தடவை இன்று காலை எண்ணினேன், 120-ல் 71 பச்சை.

முதல் ஒரு வாரம் வெள்ளையாகத்தான் ஓடியது. காளான் வித்து நன்றாகப் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 8-ஆம் நாள் பார்த்தால் அந்த வெள்ளைக்கு நடுவில் குளத்துப் பாசி மாதிரி பச்சை, சுற்றிலும் வெள்ளைக் கரை. மறுநாள் அந்தக் கரையும் பச்சை.

இப்போது சண்டை எங்கே என்றால், அப்பா மஞ்சளுக்குப் போட டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூசண மருந்துப் பாக்கெட் வாங்கிவந்து தொழு உரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போட்டு வேப்பமரத்தடியில் மூடி வைத்திருக்கிறார். குடிலில் இருந்து 15 அடி இருக்கும். அதுவும் பச்சைப் பூசணம், இதுவும் பச்சைப் பூசணம். “உங்க மருந்துதான் என் காளானைத் தின்னுது”ன்னு நான் சொல்ல, “கிழங்கழுகலுக்கு ஆபீசர் எழுதிக் கொடுத்த மருந்து, அதைக் குறை சொல்லாதே, உனக்கு வைக்கோல் வேகவைக்கத் தெரியலை”ன்னு அவர் சொல்ல, இரண்டு நாளாக வீட்டில் பேச்சில்லை. யார் சொல்வது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஆத்தூர் அக்கா · ஏப்ரல் 26, இரவு 9.50

தம்பி, 71 போச்சா, வயிறு எரிகிறது. சில கேள்வி கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்லுங்க.

பச்சை எங்கே முதலில் வந்தது? வித்து போட்ட வளையத்தை ஒட்டி வந்திருந்தால் வித்துப் புட்டியிலேயே கோளாறு இருக்கலாம். வைக்கோல் அடுக்கின் நடுவில் அங்கங்கே திட்டாக வந்திருந்தால் வேக்காடு பத்தவில்லை. ஓட்டை போட்ட இடத்தில் மட்டும் என்றால் ஈயோ கையோ கொண்டுவந்தது.

இரண்டாவது, வைக்கோலை எப்படி வேகவைத்தீர்கள், எவ்வளவு நேரம்? மூன்றாவது, உலர்த்தியபின் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியதா? உள்ளங்கை ஈரமாகணும், சொட்டக் கூடாது. 65 சதவீதம் ஈரம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள், அந்த அளவு கைக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு பையை வெளியே, குடிலுக்கு வெளியே, தூரமாகக் கொண்டுபோய் லேசாகப் பிரித்து வாசம் பாருங்க. மூக்கை உள்ளே விட்டுவிடாதீங்க. என்ன வாசம்னு சொல்லுங்க.

குடில்காரன் · ஏப்ரல் 27, காலை 7.05

அக்கா, திட்டுத் திட்டாகத்தான், வித்து வளையத்துக்கும் இதற்கும் சம்பந்தம் தெரியவில்லை. பை அடியில் தண்ணீர் கட்டியிருப்பது 20 பையிலாவது தெரிகிறது.

வேகவைத்தது... உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் டிரம்மில் வைக்கோலைப் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க விடுவோம். விறகு விலை ஏறியதால் இந்தத் தடவை அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 200 லிட்டர் டிரம்மில் வைக்கோலை அழுத்தித் திணித்து, மேலே ஊற்றி மூடி, ஒரு மணி நேரம் விட்டேன். அப்பா அதைத்தான் குத்திக் காட்டுகிறார்.

வாசம் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், காய்ந்த கொப்பரை வாசம்.

பூச்சிமருந்து வேண்டாம் · ஏப்ரல் 27, காலை 7.40

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாக்கெட்டில் வருவதெல்லாம் ஆய்வகத்தில் வளர்த்த கிருமி. நம் மண்ணில் இல்லாததைக் கொண்டுவந்து கொட்டினால் இப்படித்தான் ஆகும். பாதி பாக்கெட்டில் வெறும் டால்க் பவுடர்தான் இருக்கிறது, மீதிப் பாதியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. எடுத்துக் கொளுத்துங்க.

தட்டுக்குள் பூசணம் (கோவை) · ஏப்ரல் 27, மதியம் 1.20

கொப்பரை வாசம் என்று சொன்னவுடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பூஞ்சையியல் ஆராய்ச்சி மாணவி நான், தினமும் இந்த வாசத்தில்தான் இருக்கிறேன். டிரைக்கோடெர்மாவில் சில இனங்கள் பென்டைல் பைரோன் என்று ஒரு பொருளை வெளியே விடும், அதற்கு அப்படியே தேங்காய் வாசம். பெனிசிலியம் என்ற பூசணமும் பச்சைதான், ஆனால் அது பூட்டிய வீட்டு வாசம் அடிக்கும். ஆகவே உங்கள் பைகளில் இருப்பது டிரைக்கோடெர்மாதான், அதில் எனக்கு அநேகமாகச் சந்தேகமில்லை. எந்த டிரைக்கோடெர்மா என்பதுதான் கேள்வி, அது வாசத்திலும் நிறத்திலும் தெரியாது.

மேலே நண்பர் சொன்னதில் ஒன்று தவறு. டிரைக்கோடெர்மா நம் மண்ணில் இல்லாதது இல்லை. தோட்டத்து மண் ஒரு கிராம் எடுத்துக் கரைத்து ஆய்வகத் தட்டில் ஊற்றினால் பெரும்பாலும் முளைக்கும். வைக்கோலில், பட்டுப்போன மரத்தில், எல்லாவற்றிலும் உண்டு. 1794-லேயே பெர்சூன் என்பவர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். இது மற்ற பூஞ்சைகளைக் கொல்லும் என்று தெரிய வந்தது 1932-ல். ரிச்சர்ட் வெயிண்ட்லிங் கலிஃபோர்னியாவில், ஆரஞ்சு வகை நாற்றுகளை அழுகவைக்கும் ரைசோக்டோனியாவின் இழைகளை டிரைக்கோடெர்மா இழை கொடி மாதிரி சுற்றிக்கொள்வதைப் பார்த்தார். நுண்ணோக்கியில் நீங்களும் பார்க்கலாம், அவரைக்கொடி பந்தல்காலைப் பற்றுகிற மாதிரி சுற்றும், பிறகு கைட்டினேஸ் நொதியை விட்டு எதிரியின் சுவரைக் கரைத்துத் துளை போடும். பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் கைட்டின் நண்டு ஓட்டில் இருக்கும் அதே சங்கதி.

இப்போது யோசித்துப் பாருங்கள். மஞ்சள் கிழங்கை அழுகவைப்பது ஒரு பூசணம், அதன் எதிரிக்கு நாம் காசு கொடுத்து விதை நேர்த்தி செய்கிறோம், நிலக்கடலை என்றால் கிலோவுக்கு 4 கிராம். காளானும் பூஞ்சைதான். அந்த எதிரிக்கு உங்கள் குடிலும் ஒன்று, ரைசோக்டோனியாவும் ஒன்று. அப்பா வயலுக்கு அழைத்து வந்த காவல்காரன் பிள்ளையின் குடிலில் திருடன் ஆகலாம் என்பது வரை நீங்கள் சொல்வது நியாயமே. ஆனால் ஆகலாம் என்பதும் ஆனது என்பதும் வேறு.

பாக்கெட் விஷயம்: கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள பூசண வித்துகள் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. நாள்பட்டால், வெயிலில் கிடந்தால் குறையும். தேதி பார்த்து வாங்குங்கள், நிழலில் வையுங்கள். கொளுத்த வேண்டாம்.

நைட் ஷிஃப்ட் (திருப்பூர்) · ஏப்ரல் 27, இரவு 11.35

நான் விவசாயி இல்லை, பனியன் துணி பிராசஸிங்கில் 19 வருஷமாக இருக்கிறேன், தலைப்பில் டிரைக்கோடெர்மா என்று பார்த்ததும் நம்ம ஆள் பெயர் அடிபடுகிறதே என்று உள்ளே வந்தேன். சிரிக்காதீங்க. நீங்க போட்டிருக்கும் பருத்தி டீ-ஷர்ட் வழவழப்பாக, பிசிறு இல்லாமல் இருந்தால் அதில் இந்தப் பூசணத்தின் வேலை இருக்க வாய்ப்பு உண்டு.

நாங்க பயோ வாஷ் என்போம். சாயம் போடும் முன்போ பின்போ துணியை சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் விட்டு, அசிட்டிக் ஆசிட்டால் பிஹெச்சை (புளிப்பு அளவை) 5 பக்கம் கொண்டுவந்து, சூடு 50-55 டிகிரியில் நிறுத்தி, செல்லுலேஸ் என்சைம் ஊற்றுவோம். முக்கால் மணியில் இருந்து ஒரு மணி நேரம். பருத்தி என்பதே செல்லுலோஸ், அதைத் தின்கிற என்சைம்தான் செல்லுலேஸ். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ரோமத்தை என்சைம் கடித்துத் தளர்த்தும், மெஷினில் துணி உரசும்போது அது உதிரும். பிறகு துணி உருண்டை கட்டாது. எடை மூன்று, நாலு சதவீதம் குறையும், அது கணக்கிலேயே உண்டு.

இதில் முக்கியம் நிறுத்துவது. நேரம் முடிந்ததும் சூட்டை 80-க்கு ஏற்றி என்சைமைக் கொல்லணும், அல்லது சோடா போட்டுப் பிஹெச்சை ஏற்றணும். அதற்குப் போதும் என்பதே கிடையாது, தின்றுகொண்டே இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள், சூடு ஏற்றாமலே துணி கிடந்துவிட்டது. காலையில் மாஸ்டர் வந்து துணியை இரண்டு கட்டை விரலால் அழுத்தினார், அப்பளம் மாதிரி கிழிந்தது. 400 கிலோ. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த என்சைமின் பூர்வீகம் எங்கள் கம்பெனிக்கு வந்த ஒரு டெக்னிக்கல் ஆள் சொல்லித் தெரியும், அப்புறம் நானும் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரம், பெல்ட், பை எல்லாம் பூசணம் பிடித்து இற்றுப் போயிருக்கிறது. எது தின்கிறது என்று ஆயிரக்கணக்கில் பூசணம் சேகரித்துப் பார்த்ததில், ஒரு கூடாரத் துணியில் இருந்து எடுத்த க்யூஎம்6ஏ என்ற இனம் மற்றதை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. நாட்டிக் என்ற ஊர் ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸ், மேரி மண்டல்ஸ் என்ற இருவரும் அதை வருஷக்கணக்காகப் படித்தார்கள். முதலில் விரிடி என்றே நினைத்திருந்தார்கள், பிறகு தனி இனம் என்று தெரிந்து 1977-ல் ரீஸ் பெயரிலேயே டிரைக்கோடெர்மா ரீசியை என்று வைத்தார்கள். தடுக்கப் போனவர்கள் வளர்க்க ஆரம்பித்த கதை. இன்று ஆசிட் செல்லுலேஸ் விற்கும் கம்பெனிகள் தொட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் அந்த ஒரே கூடாரத்துப் பூசணத்தின் பேரப்பிள்ளைகளைத்தான். ஜீன்ஸை நரைக்க வைக்க முன்பு நுரைக்கல் போட்டு உருட்டுவார்கள், அந்த வேலையிலும் இது பங்கு வாங்கிக்கொண்டது.

உங்க வைக்கோலும் செல்லுலோஸ்தானே தம்பி. 55 டிகிரியில் அதன் என்சைம் உற்சாகமாக வேலை செய்யும், 80-ல் செத்துப் போகும். நீங்க ஊற்றிய வெந்நீர் நடு டிரம்மில் எத்தனை டிகிரி இருந்தது?

பூச்சிமருந்து வேண்டாம் · ஏப்ரல் 28, காலை 6.55

காளான் பற்றிக் கேட்டால் ஜட்டி பனியன் கதை ஓடுகிறது. தலைப்புக்கு வாங்கய்யா.

ஆத்தூர் அக்கா · ஏப்ரல் 28, காலை 8.10

தலைப்புக்குத்தான் வந்திருக்கிறார், கடைசி வரியைப் படிங்க. நான் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார்.

பனிக்காட்டுத் தமிழன் (ஒன்டாரியோ) · ஏப்ரல் 28, மாலை 5.30

நான் யாழ்ப்பாணம், இங்கே ஒரு பட்டன் காளான் பண்ணையில் 11 வருசமாக வேலை. பச்சைப் பூசணம் எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட பண்ணையில் பழைய ஆக்களுக்கு முகம் மாறும். 80-களின் நடுவில் அயர்லாந்துப் பக்கம் தொடங்கி, 90-களின் ஆரம்பத்தில் கனடாவுக்கும், பிறகு பென்சில்வேனியாவுக்கும் வந்து அறை அறையாய் அழித்திருக்குது. சில இடங்களில் ஒரு அறையில் ஒன்றும் மிஞ்சவில்லையாம்.

குடில்காரன் தம்பி கேட்ட அதே கேள்வி அப்ப அங்கேயும் வந்தது. வயலுக்கு விற்கிற டிரைக்கோடெர்மா ஹார்சியானம்தான் பண்ணைக்குள்ள புகுந்திட்டுது எண்டு பலர் சந்தேகப்பட்டவை. ஏனெண்டால் கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான். மரபணுவை எடுத்துப் பார்த்தபிறகுதான் வேறு வேறு எண்டு தெளிவாகி, 2002-ல் பண்ணையை அழித்ததற்கு அக்ரெசிவம் எண்டு தனிப்பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்.

எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் சுலபம். பச்சைத் திட்டைக் கண்டால் தொடாதே, விசிறியை நிறுத்து, ஈரக் கடதாசியால் மூடி மேல உப்பைக் கொட்டு, பிறகு கையைக் கழுவு, அடுத்த அறைக்குப் போகாதே. பச்சை எண்டால் பூசணத்தின் வித்து முத்தியாச்சு எண்டு அர்த்தம், லேசாய் ஊதினாலே பறக்கும். வெள்ளையாய் இருக்கேக்க ஆளைப் பிடிக்க முடியாது, அதுதான் இதன் கெட்டித்தனம்.

தட்டுக்குள் பூசணம் · ஏப்ரல் 28, இரவு 8.45

பனிக்காட்டார் சொன்னது மிகச் சரி. சிப்பிக் காளானுக்கும் இதே கதை உண்டு. தென் கொரியா, இத்தாலி, ஹங்கேரி பண்ணைகளில் எடுத்துப் பார்த்ததில் புளூரோட்டி, புளூரோட்டிகோலா என்று இரண்டு இனங்கள் முக்கியக் குற்றவாளி. சிப்பிக் காளானின் அறிவியல் பெயர் புளூரோட்டஸ், அதை வைத்தே பெயர். நம் ஊர் பாக்கெட்டில் விரிடி என்று அச்சடித்திருப்பதில் பலவும் மரபணுவில் பார்த்தால் ஆஸ்பெரெல்லம் என்ற வேறு இனம், அது இன்னொரு கூத்து.

ஆக, பாக்கெட் பூசணம் சிப்பிக் காளானைக் கொல்லவென்றே தேர்ந்த இனம் இல்லை. ஆனால் அரைவேக்காட்டு வைக்கோல் கிடைத்தால் எந்த டிரைக்கோடெர்மாவும் ஏறும். வைக்கோலில் சுலபமாகக் கரையும் சர்க்கரை இருக்கும்வரை அதன் கை ஓங்கும், நாலே நாளில் தட்டு முழுக்க ஓடக்கூடியது. காளான் இழை மெதுவாக ஓடும். கொதிக்கவைத்து வடிக்கும்போது பூசண வித்துகள் சாவதோடு அந்தச் சர்க்கரையும் ஓரளவு கழுவிப் போகிறது. இன்னொன்று வெயில். ஏப்ரல் கடைசியில் கோபியில் குடிலுக்குள் 32, 33 டிகிரி என்றால் பைக்குள் அதைவிடக் கூட இருக்கும், அந்தச் சூடு காளானைவிட அதற்குத்தான் சௌகரியம்.

விறகுக்கடை (பவானி) · ஏப்ரல் 29, காலை 10.00

இவ்வளவு எதற்கு? 100 லிட்டர் தண்ணீரில் கார்பன்டசிம் (பூசணக்கொல்லி) ஏழரை கிராம், ஃபார்மலின் 125 மில்லி, வைக்கோலை ராத்திரி முழுக்க ஊறவைத்து எடு. விறகும் வேண்டாம், பச்சையும் வராது. பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்களே.

ஆத்தூர் அக்கா · ஏப்ரல் 29, காலை 11.15

சொல்லிக் கொடுக்கிறார்கள், வேலையும் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. அந்த அளவு கார்பன்டசிம் டிரைக்கோடெர்மாவைத்தான் அமுக்கும், சிப்பியைப் பெரிதாகப் பாதிக்காது என்பதால்தான் அந்தக் கணக்கு. ஆனால் நான் மூன்று வருஷம் முன்பு விட்டுவிட்டேன். ஃபார்மலின் டிரம்மைத் திறக்கும்போது கண்ணும் மூக்கும் எரியும். ஒருநாள் என்னிடம் காளான் வாங்கும் டீச்சரம்மா “மருந்து போடாததுதானே”ன்னு கேட்டார், நாக்கு எழவில்லை. இப்போது ஆவியில்தான் வேகவைக்கிறேன். சுண்ணாம்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைக்கிறவர்களும் உண்டு, இந்தப் பூசணத்துக்குப் புளிப்பு பிடிக்கும், சுண்ணாம்புக் காரம் ஆகாது. நான் அதைச் செய்து பார்க்கவில்லை.

குடில்காரன் தம்பி, மே மாதம் வெயிலில் சிப்பியோடு மல்லுக்கட்டாதீங்க. பால் காளான் போடுங்க. அது 30-35 டிகிரியில் நன்றாக வரும், அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 1998-ல் வெளியிட்ட ரகம். மேல் மண் போடும் வேலை ஒன்று கூடுதல், ஆனால் பறித்தபின் நாலைந்து நாள் தாங்கும், சிப்பி மாதிரி சாயங்காலமே தொய்ந்து போகாது.

அம்மாதானே பறிக்கிறார்? அவருக்கு இருமல் இருக்கிறதா?

குடில்காரன் · ஏப்ரல் 29, இரவு 9.30

இருக்குக்கா. இரண்டு மாதமாகக் காலையில் இருமல், தூசு என்று நினைத்தோம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஆத்தூர் அக்கா · ஏப்ரல் 29, இரவு 9.42

எனக்கும் வந்தது. குடை விளிம்பு மேலே சுருண்டு முறுக்கிக்கொண்ட காளான் ராத்திரியெல்லாம் வித்தைக் கொட்டும், காலையில் குடிலுக்குள் புகை மாதிரி மிதக்கும், பிளாஸ்டிக் கயிற்றில் வெள்ளை மாவாகப் படியும். விளிம்பு சுருளும் முன்பே பறிச்சிடணும். கதவைத் திறந்து கால் மணி நேரம் காற்றாடவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போகச் சொல்லுங்க. இழுப்பு மாதிரி இருந்தால் டாக்டரிடம் காட்டி, காளான் குடிலில் வேலை என்பதையும் சொல்லுங்க. சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தோன்றாது. பச்சைப் பைகளை அம்மா தொட வேண்டாம்.

தட்டுக்குள் பூசணம் · ஏப்ரல் 30, காலை 9.20

குடில்காரரே, அப்பாவா பிள்ளையா என்பதை வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். நாலு கண்ணாடிப் பாட்டில், மூடியோடு தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு எடுங்கள். அதே மாதிரி டிரம்மில் வெந்நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து, ஓரத்தில் இருந்து ஒரு பிடி, நட்ட நடுவில் இருந்து ஒரு பிடி. இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் போட்டு மூடி, குடிலுக்கும் வேப்பமரத்துக்கும் தூரமாக, பூஜை அறையிலோ எங்கேயோ வையுங்கள். வித்து போட வேண்டாம். மூன்றாவதில் முக்கால் மணி நேரம் கொதித்த வைக்கோல், மூடியோடு. நாலாவதிலும் அதே வைக்கோல், ஆனால் மூடியில்லாமல் வேப்பமரத்தடியில். ஒரு வாரம். திணித்த வைக்கோலின் நடுவில் தெர்மாமீட்டரும் விட்டுப் பாருங்கள்.

மூடிய பாட்டிலில் பச்சை வந்தால் அது வைக்கோலோடு வந்த சரக்கு, அப்பா நிரபராதி. ஒவ்வொன்றும் ஒரே பாட்டில் என்பதால் இதை ஆய்வு என்று என் மேடத்திடம் காட்டினால் என்னைத் துரத்திவிடுவார், உங்கள் சண்டைக்குப் போதும்.

சீரங்கபுரத்தான் · மே 1, காலை 6.15

எனக்கு 68 வயது, காளான் போட்டதில்லை, புற்றுக்காளான் பறித்துத் தின்றவன். ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்த மறுநாள் கரையான் புற்று ஓரம் முளைக்கும், ஆட்டுக்கறி தோற்கும். அதை ஏன் குடிலில் வளர்க்க முடியவில்லை என்று என் பேரனைக் கேட்டேன், அவன் படித்துச் சொன்னான். அந்தக் காளானைக் கரையான்தான் விவசாயம் செய்கிறதாம், 3 கோடி வருஷமாக. தின்ற சருகை எச்சமாகப் போட்டுத் தேன்கூடு மாதிரி படுக்கை கட்டி, அதில் காளான் இழையை வளர்த்துத் தின்கிறது. அந்தப் படுக்கையிலும் களைப் பூசணம் உண்டு, வேறு ஜாதி, சைலேரியா என்றான். கரையான் இருக்கும்வரை அது தலைகாட்டாமல் கிடக்கும், கரையான் விட்டுப்போன புற்றில் கறுப்புக் குச்சி குச்சியாகக் கிளம்பிவிடும். பேரன் சொன்ன பிறகு எங்கள் காட்டில் இடிந்த புற்று ஒன்றில் நானே பார்த்தேன், சுண்டுவிரல் நீளம்.

ஆளில்லாத வீடு என்று அதற்கு எப்படித் தெரிகிறதோ.

நைட் ஷிஃப்ட் · மே 1, மாலை 4.00

அய்யா, இதைப் படித்துவிட்டு எங்கள் குவார்ட்டர்ஸ் பின்னால் புற்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

குடில்காரன் · மே 9, இரவு 8.30

தாமதத்துக்கு மன்னிக்கணும். சோதனை முடிந்தது.

முதலில் தெர்மாமீட்டர். பால் சொசைட்டியில் வேலை செய்யும் மாமாவிடம் நீளமான ஒன்று வாங்கினேன். டிரம் ஓரத்தில் 74 காட்டியது. திணித்த வைக்கோலின் நடுவில் 49. மறுபடி விட்டுப் பார்த்தேன், 49. நைட் ஷிஃப்ட் அண்ணா சொன்ன 55 கூட இல்லை, அது குளித்துவிட்டு வந்திருக்கும்.

பாட்டில்கள் பூஜை அறையில் வைக்க அம்மா விடவில்லை, பீரோ மேல் வைத்தேன். நடுப் பிடி போட்ட பாட்டிலில் மூன்றாம் நாள் வெள்ளை, ஐந்தாம் நாள் பச்சை. ஓரத்துப் பிடி ஒன்பது நாளாகியும் பழுப்பாகவே இருக்கிறது, மூலையில் ஏதோ சாம்பல் நிறத்தில் லேசாக. கொதிக்கவைத்து மூடியது சுத்தம். அப்பாவைக் கூப்பிட்டு மூன்றையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் நடுப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “எவ்வளவு விறகு மிச்சமாச்சு?” என்றார். 340 ரூபாய்.

நாலாவது பாட்டிலையும் சொல்லிவிடுகிறேன். வேப்பமரத்தடியில் மூடியில்லாமல் வைத்தது ஆறாம் நாள் பச்சை. அதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டியபோது எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, மறைக்க விரும்பவில்லை. அவர் மோந்து பார்த்தார். கொப்பரை வாசம்தான்.

தொழு உரத்தை மஞ்சள் காட்டு வாய்க்கால் ஓரத்துக்கு மாற்றிவிட்டோம், மாட்டு வண்டியில் நாலு நடை. குடிலைக் காலி பண்ணிச் சுண்ணாம்பு அடித்தாச்சு, தரை மணலையும் மாற்றியாச்சு. அம்மா முகக்கவசம் போடுகிறார், இருமல் குறைந்த மாதிரி தெரிகிறது, ஆனாலும் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறோம். அடுத்தது பால் காளான், ஆத்தூர் அக்காவிடம் தனியாகப் பேசணும்.

ஒரு சந்தேகம், அப்பா கேட்கச் சொன்னார். அந்த 71 பை வைக்கோல் முழுக்க டிரைக்கோடெர்மாதானே, அதையே தொழு உரத்தில் கலந்து மஞ்சளுக்குப் போட்டால் பாக்கெட் வாங்கும் காசு மிச்சம்தானே என்கிறார்.

தட்டுக்குள் பூசணம் · மே 9, இரவு 9.05

அப்பாவை எங்கள் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளலாம் போல.

மக்கவைத்துப் போடுவதில் தப்பில்லை, வைக்கோல் எரு வைக்கோல் எருதான். பாக்கெட்டுக்குப் பதிலாக வேண்டாம். அந்தப் பையில் எந்த இனம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, கிழங்கழுகல் பூசணத்தோடு அது சண்டை போடுமா என்றும் தெரியாது. கூடவே வேறு பூசணங்களும் ஏறியிருக்கும். குடிலுக்குத் தூரமாகக் குழி வெட்டி, சாணிக் கரைசல் தெளித்து, மண் போட்டு மூடுங்கள், நாலு மாதம் ஆகட்டும். பையைக் கிழிக்கும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பறக்கும். நாலாவது பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாமல் கோவை வரும்போது கொண்டுவர முடியுமா? நடுப் பாட்டிலையும். இரண்டும் ஒரே ஆள்தானா என்று தட்டில் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

குடில்காரன் · மே 9, இரவு 9.20

நனைத்தே கிழிக்கிறோம்ங்க. பாட்டில் இரண்டும் செய்தித்தாளில் சுற்றி வைத்தாச்சு, திங்கட்கிழமை சிங்காநல்லூர் வரை வருகிறேன். அப்பாவும் வருவாராம்.